பொரிக்காத முட்டைகளும் ஒரு பித்தளை வால்வும்: மீன் கரு நச்சுச் சோதனையை அமைத்த அனுபவம்

கிருமிநாசினிகளில் பரவலாகச் சேர்க்கப்படும் பென்சல்கோனியம் குளோரைடு நீர்நிலைகளில் கலந்தால் மீன்களுக்கு என்ன நேரும் என்பதை அறியும் சோதனை ஒன்றை எங்கள் ஆய்வகத்தில் அமைக்க வேண்டியிருந்தது. வளர்ந்த மீன்களை வைத்து நடத்தும் பழைய முறையை விட்டுவிட்டு, வரிக்குதிரை மீனின் கருக்களைக் கொண்டு நடத்தும் முறையைத் தேர்ந்தெடுத்தோம். அந்தச் சோதனையின் முடிவைப் பற்றி இங்கு எழுதப் போவதில்லை. நச்சு எதுவும் சேர்க்காத வெறும் நீரில் இருந்த கருக்கள் ஏன் பொரிக்கவில்லை என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஏழு வாரங்கள் ஆயின. அந்த ஏழு வாரங்களின் பதிவே இது.

வரிக்குதிரை மீன், அலங்கார மீன் வளர்ப்பவர்கள் அனைவரும் அறிந்த சிறு மீன். உடலில் நீளவாக்கில் ஓடும் நீலக் கோடுகளும், 3 அல்லது 4 செ.மீ. நீளமும், சற்றும் ஓய்வில்லாத நீச்சலும் அதன் அடையாளம். கங்கையாற்று மீன்களைப் பற்றி 1822இல் நூல் வெளியிட்ட ஃபிரான்சிஸ் ஹாமில்டன் அதை முதலில் விவரித்தார். அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் அதை மரபியல் ஆய்வுக்குரிய விலங்காக வளர்த்தெடுத்து, 1981இல் ஒரே மரபமைப்புக் கொண்ட மீன்களை உருவாக்கிக் காட்டினார். 2013இல் அதன் மரபணுத்தொகுதி வெளியானபோது, மனித மரபணுக்களில் ஏறக்குறைய 70 விழுக்காட்டுக்கு இணையானவை இந்த மீனிலும் உள்ளன என்று தெரிந்தது. இவை எல்லாவற்றையும்விட நச்சியலாளருக்குப் பெரிய வசதி, கரு தாயின் உடலுக்கு வெளியே, கண்ணாடி போன்ற உறைக்குள், நம் கண்முன்னே வளர்வதுதான்.

பழைய முறையின்படி, அதாவது பல நாடுகள் சேர்ந்த ஓஇசிடி அமைப்பு வேதிப்பொருள் சோதனைகளுக்காக வகுத்த 203ஆம் வழிகாட்டியின்படி, ஒவ்வொரு செறிவுக்கும் குறைந்தது 7 மீன்களை விட்டு 96 மணி நேரத்தில் எத்தனை இறக்கின்றன என்று எண்ண வேண்டும். ஐந்து செறிவுகளும், ஒப்பிடுவதற்காக நச்சு சேர்க்காத ஒரு கட்டுப்பாட்டுத் தொட்டியும் என்றால் 42 மீன்கள். நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து மூடியபடி அவை அடங்குவதை நான் முன்பு நின்று எண்ணியிருக்கிறேன். மீண்டும் எண்ண விருப்பமில்லை. ஜெர்மனி தனது கழிவுநீர்ச் சோதனையில் வளர்ந்த மீன்களைக் கைவிட்டு, 2005 முதல் வரிக்குதிரை மீனின் முட்டைகளுக்கு மாறியது. தனி வேதிப்பொருள்களுக்கான கருச் சோதனை, ஓஇசிடியின் 236ஆம் வழிகாட்டியாக 2013 ஜூலையில் ஏற்கப்பட்டது. தானாக இரையுண்ணத் தொடங்கிய இளமீன்களையே ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு நெறி சோதனை விலங்கு என்று கொள்கிறது. வரிக்குதிரை மீனில் அந்த எல்லை, கருவுற்று 120 மணி நேரம் என்று கணக்கிடப்படுகிறது. எங்கள் சோதனை 96 மணி நேரத்தில் முடிந்துவிடும்.

முட்டை எடுப்பதில் அதிகத் தொல்லை இல்லை. 14 மணி நேரம் வெளிச்சம், 10 மணி நேரம் இருள் என்ற ஒழுங்கில் பழகிய மீன்கள், விளக்கு எரிந்த சிறிது நேரத்திலேயே முட்டையிடும். முன்மாலையில் ஆணையும் பெண்ணையும் ஒரே தொட்டியில் நடுத்தடுப்பு வைத்துப் பிரித்து, காலையில் விளக்கு எரிந்ததும் தடுப்பை எடுத்தேன். தாம் இட்ட முட்டைகளைத் தாமே தின்றுவிடும் மீன்கள் இவை என்பதால், முட்டை விழுந்து தங்குவதற்கு அடியில் ஒரு வலைத்தட்டு வேண்டும். கோலிக்குண்டுகளைப் பரப்பி வைப்பவர்களும் உண்டு. அவற்றைக் கழுவி எடுப்பதற்குள் நேரம் போய்விடுவதால் எனக்கு வலைத்தட்டே ஏற்றதாக இருந்தது.

கருவுற்ற முட்டைகளைப் பிரித்தெடுக்கும் வேலைதான் கையும் கண்ணும் பழக வேண்டிய வேலை. முட்டை 1 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டிய கண்ணாடி உருண்டை. அதற்குள் மஞ்சட்கரு ஒரு பந்து, அந்தப் பந்தின் உச்சியில் தொப்பி போல ஒரு செல். முதல் பிளவு முக்கால் மணி நேரத்தில் நடக்கும். அதன்பின் ஏறக்குறைய கால் மணிக்கு ஒருமுறை செல்கள் இரட்டிக்கும். எட்டுச் செல் நிலையில் அவை நான்கு நான்காக இரண்டு வரிசையில் நிற்கும். பதினாறில் நான்குக்கு நான்கு சதுரமாகிவிடும். வரிசை கோணலாக இருந்தாலோ, செல்கள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருந்தாலோ, அந்த முட்டையை நான் ஒதுக்கிவிடுவேன். பதினாறு செல் நிலையைத் தாண்டுவதற்குள் கருக்கள் சோதனைக் கரைசலுக்குள் போயிருக்க வேண்டும் என்பதால், முழுத் தொகுதிக்கும் கிடைப்பது ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான். அந்த நேரத்தில் தொலைபேசியை எடுக்க மாட்டேன்.

தட்டு அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 24 குழிகள் உள்ள நெகிழித் தட்டில் குழிக்கு 2 மி.லி. கரைசல், ஒரு கரு. ஒரு செறிவுக்கு ஒரு தட்டு. அதில் 20 குழிகள் கரைசலுக்கு, மீதி 4 குழிகள் அந்தத் தட்டுக்கே உரிய உட்கட்டுப்பாட்டுக்கு. தனியே ஒரு முழுத் தட்டு வெறும் நீருக்கு. இன்னொரு தட்டு, சோதனையின் உணர்திறனைக் காட்டுவதற்காக, லிட்டருக்கு 4 மி.கி. அளவில் 3,4-டைகுளோரோஅனிலின் என்ற அறியப்பட்ட நச்சுக்கு. வெப்பநிலை 26 பாகை செல்சியஸ், ஒரு பாகை கூடலாம் குறையலாம். பென்சல்கோனியம் குளோரைடு நேர்மின்னேற்றம் உள்ள, சோப்பைப் போலப் பரப்புகளில் சேரும் பரப்பு இயங்கு பொருள். நெகிழியிலும் கண்ணாடியிலும் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் சோதனைக்கு 24 மணி நேரம் முன்பே அதே கரைசலைத் தட்டில் நிரப்பிச் சுவர்களை நிறைவுபெறச் செய்து, பின் அதைக் கொட்டிவிட்டுப் புதுக் கரைசலை ஊற்றினோம். அதன்பின் நாள்தோறும் கரைசலை மாற்றினோம்.

கரு இறந்ததா இல்லையா என்பதற்கு நான்கு அடையாளங்களை வழிகாட்டி வகுத்திருக்கிறது. கரு வெண்மையாகத் திரைந்துவிடுதல், உடற்கண்டங்கள் உருவாகாமை, வால் மஞ்சட்கருவிலிருந்து பிரியாமை, 48 மணி நேரத்திலிருந்து இதயத்துடிப்பு இன்மை ஆகியவை அவை. துடிப்பு தெரியாத கருவைக் குறைந்தது 80 மடங்கு உருப்பெருக்கத்தில் ஒரு நிமிடமாவது பார்த்த பிறகே இறந்ததாக எழுத வேண்டும். பொரிக்காமை இந்த நான்கில் இல்லை. ஆனால் சோதனையே செல்லுமா என்பதற்கான நிபந்தனைகளில் அது இருக்கிறது: 96 மணி நேர முடிவில் கட்டுப்பாட்டுத் தட்டில் 90 விழுக்காட்டுக்குக் குறையாமல் உயிரோடு இருக்க வேண்டும், 80 விழுக்காட்டுக்குக் குறையாமல் பொரித்திருக்கவும் வேண்டும்.

முதல் சுற்றில் பென்சல்கோனியத்தைச் சேர்க்காமல், வெறும் நீர்த் தட்டையும் டைகுளோரோஅனிலின் தட்டையும் மட்டும் ஓட்டிப் பார்த்தேன். கட்டுப்பாட்டில் 24இல் 22 பொரித்தன. நச்சுத் தட்டில் வழிகாட்டி எதிர்பார்க்கும் 30 விழுக்காட்டைத் தாண்டி இறப்பு நேர்ந்தது. அந்த நம்பிக்கையில் இரண்டாம் சுற்றை முழு அளவில் தொடங்கினேன்.

இரண்டாம் சுற்றின் நான்காம் நாள், கட்டுப்பாட்டுத் தட்டில் 24 கருக்களும் உயிரோடு இருந்தன. இதயங்கள் சீராகத் துடித்தன. குருதியணுக்கள் வால் வரை ஓடித் திரும்பின. கண்கள் நன்கு கறுத்திருந்தன. ஆனால் 13 மட்டுமே வெளியே வந்திருந்தன. மற்ற 11 கருக்களும், தலையை வால் சுற்றிய நிலையில் உறைக்குள் மடங்கிக் கிடந்து, அவ்வப்போது திடுக்கென்று ஒரு முறை உருண்டு மீண்டும் அடங்கின. உறை மட்டும் முதல்நாள் இருந்தது போலவே விறைப்பாக, பளபளப்பாக இருந்தது. பொரிக்கும் தறுவாயில் உறை தளர்ந்து மெலிந்திருக்க வேண்டும். ஒன்றிலும் அந்தத் தளர்ச்சி இல்லை.

உயிரோடு இருப்பதே போதும், இறப்புக் கணக்கை வைத்துப் பாதி உயிர்க்கொல்லிச் செறிவை, அதாவது பாதிக் கருக்களைக் கொல்லும் செறிவைக் கணித்துவிடலாம் என்று உடன் பணிபுரியும் மூத்தவர் ஒருவர் சொன்னார். எண்ணளவில் அவர் சொன்னது தவறில்லை. வரைகோடும் அழகாகவே வந்திருந்தது. ஆனால், நச்சில்லாத தட்டிலேயே கருக்களைத் தடுக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது என்றால், மற்ற ஐந்து தட்டுகளிலும் அதே பொருள் பென்சல்கோனியத்தோடு சேர்ந்து வேலை செய்திருக்கிறது என்றே பொருள். அப்போது நான் அளந்தது எந்த நச்சை? அந்தச் சுற்றின் தரவு முழுவதையும் ஒதுக்கிவைத்தேன்.

முதல் ஐயம் வெப்பநிலையின் மீது விழுந்தது. குளிர்ச்சி கூடினால் வளர்ச்சி பின்தங்கும், பொரிப்பதும் தள்ளிப்போகும். காற்றின் வெப்பத்தைக் காட்டும் இன்குபேட்டரின் திரையை நம்பாமல், நீர் நிரப்பிய தட்டு ஒன்றை ஒவ்வொரு அடுக்கிலும் வைத்து, அதன் குழிக்குள் மெல்லிய உணரியை விட்டு மூன்று நாள் அளந்தேன். திரைக்கும் நீருக்கும் அரைப் பாகை வேறுபாடு இருந்தது, எல்லையைத் தாண்டவில்லை. அடுத்து நெகிழித் தட்டின் மீது ஐயம் கொண்டு, மூன்றாம் சுற்றில் பாதிக் கருக்களைக் கண்ணாடிக் கிண்ணங்களில் வைத்தேன். இரண்டிலும் ஒரே மாதிரியாகப் பாதிக்கு மேல் பொரிக்கவில்லை. இப்படியே நான்கு வாரங்கள் கழிந்தன.

துப்புக் கிடைத்தது, நான் எண்ணிப் பார்த்துச் செய்யாத ஒன்றிலிருந்து. அந்தச் சுற்றில் எஞ்சிய முட்டைகளை, கொட்ட மனமில்லாமல், தாய்மீன்களின் தொட்டி நீரிலேயே ஒரு கிண்ணத்தில் விட்டு அதே இன்குபேட்டரின் கீழடுக்கில் வைத்திருந்தேன். நான்காம் நாள் பார்த்தபோது அவை அத்தனையும் பொரித்துக் கிண்ணத்தின் அடியில் சிறு ஊசிகளைப் போலப் படுத்திருந்தன. அதே பெற்றோர், அதே நாள், அதே வெப்பம், அதே வகைக் கண்ணாடி. வேறுபட்டது நீர் ஒன்றுதான்.

பொரிக்காமல் நின்ற கருக்களில் ஆறை எடுத்து, இரண்டு கூரிய இடுக்கிகளால் உறையைக் கிழித்துப் பார்த்தேன். ஒரு இடுக்கியால் உறையைக் கவ்விப் பிடித்து, மற்றதால் அருகிலேயே பற்றி மெல்ல எதிர்த்திசையில் இழுத்தால் உறை பிளக்கும். கருவைத் தொடாமல் உறையை மட்டும் தலைகீழாகத் திருப்பினால் கரு தானாக நழுவி விழும். வெளியே வந்த ஆறும் சில விநாடிகளில் நிமிர்ந்தன. வாலை இமைமயிரால் தொட்டதும் விருட்டென்று பாய்ந்தன. கருவில் பெரிய குறை ஒன்றும் தென்படவில்லை. வெளியேறும் வழிதான் அடைபட்டிருந்தது.

இந்த இடத்தில் பொரித்தலின் இயக்கத்தைச் சொல்ல வேண்டும். கரு வெறும் உடல் வலிமையால் உறையை உடைப்பதில்லை. மஞ்சட்கருப் பையின் மேற்பரப்பில் உள்ள பொரிப்புச் சுரப்பிச் செல்கள் ஒரு நொதியைச் சுரக்க, அது உறையின் புரதத்தை உள்ளிருந்து கரைத்து மெலியச் செய்கிறது. அதன் பிறகே வாலின் உதைப்பு பயன் தருகிறது. அந்த நொதி, துத்தநாக அணு ஒன்றை நடுவில் கொண்ட புரதச் சிதைப்பான். நீரில் கரைந்த செம்பு, நிக்கல் அயனிகளும், அளவுக்கு மிஞ்சினால் துத்தநாக அயனியுமேகூட அதன் செயலைத் தடுக்கும். கரு நலமாக இருந்து பொரிப்பு மட்டும் தடைபட்டால் முதலில் உலோகத்தைத் தேட வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆனால் எங்கள் நீர், எதிர்ச்சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் வடிகட்டிய நீர். அதில் கால்சியம் குளோரைடு, மெக்னீசியம் சல்பேட், சோடியம் பைகார்பனேட், பொட்டாசியம் குளோரைடு ஆகிய நான்கு உப்புகளைக் கரைத்துச் சோதனை நீரைத் தயாரித்து, அதையும் அதே வடிநீரால் ஐந்தில் ஒன்றாக நீர்த்துப் பயன்படுத்தினோம். நீரில் கரைந்த உப்புகளின் அளவை மின்கடத்தலால் காட்டும் கடத்துதிறன் மானி நாள்தோறும் நல்ல எண்ணையே காட்டியது. மானியைக் குறை சொல்ல முடியாது: உயிருக்குத் தீங்கு செய்யப் போதுமான செம்பு, கடத்துதிறனில் சென்டிமீட்டருக்கு ஒரு மைக்ரோசீமென்ஸைக்கூடக் கூட்டாது. நீர் தூயது என்று நாள்தோறும் அந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

உலோகந்தானா என்று உறுதிசெய்ய எளிய வழி ஒன்று இருந்தது. உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும் இ.டி.டி.ஏ.வை ஐந்து மைக்ரோமோலார் அளவில் மட்டும் சேர்த்து ஒரு தட்டு, சேர்க்காமல் ஒரு தட்டு. அளவு கூடினால் அது கால்சியத்தைக் குறைத்துவிடும், நொதியின் துத்தநாகத்தையே பறித்துவிடவும் கூடும். ஆகையால் கவனமாக இருந்தேன். 96 மணி நேரத்தில், சேர்த்த தட்டில் 23 பொரித்தன, சேர்க்காததில் 10. அன்று மாலை இரண்டு தட்டுகளையும் அருகருகே வைத்துப் பலமுறை எண்ணினேன்.

இனி உலோகம் எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி. பதிவேட்டில் ஒவ்வொரு சுற்றுக்கும் நீர் பிடித்த நேரத்தையும் எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. நலமாக முடிந்த முதல் சுற்றுக்கு முந்தைய நாள் பிற்பகலில் பிடித்த நீரைப் பயன்படுத்தியிருந்தேன். அதன்பின், கரைசல் புதிதாக இருக்கட்டும் என்ற அக்கறையில், விடியற்காலையில் ஆய்வகத்தைத் திறந்தவுடன் பிடிக்கத் தொடங்கியிருந்தேன். காலை நீர் என்றால் இரவு முழுவதும் குழாய்க்குள் தேங்கி நின்ற நீர். குழாயின் வழியே மேசைக்கடியில் தவழ்ந்து போய்ப் பார்த்தேன். முழுவதும் நெகிழிக் குழாய். சுவர் ஓரத்தில் மட்டும் மஞ்சளாக ஒன்று தெரிந்தது. பழைய நெகிழி வால்வு ஒழுகியதால், பராமரிப்பின்போது பித்தளை வால்வு ஒன்றை மாற்றிப் பொருத்தியிருக்கிறார்கள். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. உப்புகள் நீக்கப்பட்ட நீரோ, பட்ட உலோகத்தை அரிக்கும் இயல்புடையது. சாதாரணக் குழாய் நீரில் உள்ள கார்பனேட் படிவு உலோகத்தின் மேல் ஒரு காப்புப் படலமாகப் படிவதுண்டு, வடிநீரில் அதற்கு வழியில்லை.

இரவு நின்ற நீரின் முதல் லிட்டர், ஐந்தாம் லிட்டர், பதினைந்து நிமிடம் ஓடவிட்டபின் ஒரு லிட்டர் என மூன்று மாதிரிகளை அமிலம் சேர்த்துப் பகுப்பாய்வுக்கு அனுப்பினேன். முதல் லிட்டரில் செம்பு 110 நுண்கிராம் இருந்தது. ஐந்தாவதில் கணிசமாகக் குறைந்திருந்தது. கடைசி மாதிரியில் கருவியின் கண்டறி எல்லைக்குக் கீழே போயிருந்தது. குடிநீரில் செம்புக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 2 மி.கி., அதாவது 2000 நுண்கிராம். மனிதர் தயங்காமல் குடிக்கக்கூடிய நீர், 1 மில்லிமீட்டர் கருவுக்கு வாசலை அடைத்துவிட்டது. கடினத்தன்மையைக் குறைத்து நீர்த்ததும் இதற்குத் துணைபோயிருக்கும். நீரில் கால்சியம் குறையும்போது உயிரின் பரப்பில் செம்பு பற்றுவதற்குப் போட்டியும் குறைகிறது. தாய்மீன்களின் தொட்டிக்கு வரும் நீரோ குளோரின் நீக்கிய வேறொரு குழாயின் நீர், கடினமானது, கரிமப் பொருள் கலந்தது. அதனால்தான் அந்தக் கிண்ணத்தில் எல்லாம் பொரித்தன.

வால்வைக் கழற்றிப் பாலிப்ரொப்பிலீன் வால்வைப் பொருத்தினோம். கழற்றிய பித்தளையின் உட்புறம், நீர் தொட்ட இடமெல்லாம், இளஞ்சிவப்பாக மாறியிருந்தது; துத்தநாகம் முதலில் கரைந்து செம்பு மிஞ்சினால் வரும் நிறம் அது. பழைய நீர் பட்ட கண்ணாடிப் பாத்திரங்களை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறவைத்து, பலமுறை அலசினேன். நீர் பிடிப்பதற்கு முன் பதினைந்து நிமிடம் ஓடவிட வேண்டும் என்ற விதியையும், வால்வு மாறிய பின்னும், நீக்கவில்லை.

புதிய நீரில் ஓட்டிய இரு சுற்றுகளிலும் கட்டுப்பாட்டுத் தட்டில் 23, 24 என்று பொரித்தன. அதன் பிறகே பென்சல்கோனியத்தின் ஐந்து செறிவுகளையும் மீண்டும் தொடங்கினேன். இப்போது ஒவ்வொரு மாதமும், குழாயில் எந்தப் பழுதுபார்ப்பு நடந்தாலும் அதன் பிறகும், சோதனைப்பொருள் எதுவும் இல்லாமல் 24 கருக்களை வெறும் நீரில் வைத்து, 48, 72, 96 மணி நேரங்களில் எத்தனை பொரித்தன என்று எழுதுகிறோம். முன்பு 96இல் மட்டும் எண்ணினோம்; 72இல் எண்ணியிருந்தால் தாமதம் ஒரு நாள் முன்னரே தெரிந்திருக்கும்.

இந்தக் கருக்கள் எல்லாவற்றையும் நமக்குச் சொல்லிவிடும் என்று நான் நினைக்கவில்லை. முட்டை உறையின் நுண்துளைகள் ஒரு மைக்ரோமீட்டரையும் எட்டாதவை. பெரிய மூலக்கூறுகள் பொரிக்கும் வரை உள்ளே புகாமலே நின்றுவிடலாம். மீன்களுக்குள்ளும் இனத்துக்கு இனம் பெரும் வேறுபாடு உண்டு: வாகன டயர்த் துகளிலிருந்து மழைநீரில் கலக்கும் 6பிபிடி-குயினோன் என்ற பொருள்தான் கோஹோ சால்மன் மீன்களைச் சில மணி நேரத்தில் கொன்றது என்று 2020இல் கண்டறியப்பட்டது, வரிக்குதிரை மீனோ அதைத் தாங்கிக்கொள்கிறது. ஆகவே ஒரு கருத் தட்டின் முடிவை எல்லா மீன்களின் முடிவாக எழுதுவதை நான் தவிர்க்கிறேன்.

ஒதுக்கிவைத்த சுற்றுகளின் பதிவுத்தாள்களை அழிக்கவில்லை. ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு மையில் "முதல் நீர், செம்பு கலந்தது, கணக்கில் சேர்க்க வேண்டாம்" என்று எழுதி, நீர் பிடித்த நேரத்தை வட்டமிட்டு, கழற்றிய வால்வோடு ஒரே பெட்டியில் வைத்திருக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேருபவரிடம் பிப்பெட்டைக் கொடுப்பதற்கு முன் அந்தப் பெட்டியைத் திறந்து காட்டுகிறேன்.